முதல்ல மேல் போல்ட்! – வீட்டிலேயே கியர் ஆயில் மாத்துவது எப்படி?

போன செமஸ்டர் லீவுல நடந்த கதை. எங்க வீட்டுப் பழைய ஹேட்ச்பேக் கார்ல காலையில முதல் தடவை செகண்ட் கியர் போடும்போது ஒரு முரண்டு. "மெக்கானிக்கல் படிக்கிறவன் வீட்ல இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?" என்று வீரவசனம் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை காருக்கு அடியில் போனேன். டிரெயின் போல்ட்டைக் கழட்டினேன். பழைய ஆயில் முழுக்க டிரேயில் இறங்கியது. ஆஹா, இவ்வளவுதானா!

அப்புறம் புது ஆயில் ஊத்துறதுக்கு மேல இருக்கிற ஃபில் போல்ட்டைத் திருப்பினால், அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டின் முனைகள் எல்லாம் மழுங்கிப் போச்சு. இப்போ பழைய ஆயிலும் இல்லை, புது ஆயிலும் ஊத்த முடியாது. மறுநாள் காலை பாட்டியைக் கண் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்பா வந்து குனிந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "குழாயில தண்ணி வருதான்னு பாக்காமலேயே குடத்தைக் கவுத்திட்டியேடா."

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்: ஃபில் போல்ட் திறக்கிறதை உறுதி பண்ணாம டிரெயின் போல்ட்டைத் தொடாதீங்க. மற்றதெல்லாம் இதுக்கு அடுத்துதான்.

எதுக்கு மாத்தணும்?

இன்ஜின் ஆயில் கருத்துப்போற மாதிரி கியர் ஆயில் சீக்கிரம் கருக்காது. அங்கே எரிபொருள் எரிவதில்லை, கரி சேர்வதில்லை. அதனாலேயே பலர் இதை மறந்துடறாங்க. ஆனா சாதாரண கார் கியர்பாக்ஸில் ஃபில்டர் கிடையாது. பல்சக்கரங்கள் ஆயிலில் முங்கிச் சுழன்று, வாரி இறைத்துத்தான் எல்லா இடமும் நனையுது. தேய்கிற உலோகத் தூள் வெளியே போக வழியில்லாம அதே ஆயிலில் கிடந்து சுத்தும். ஆயிலில் சேர்த்திருக்கும் வேதிப்பொருட்களும் காலப்போக்கில் தீர்ந்து போகும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும் என்பது காருக்குக் கார் மாறும். ஓனர் மேனுவலைத்தான் நம்பணும்.

எந்த ஆயில்? இதுதான் பரீட்சைக் கேள்வி

கடையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு வகை இருக்கும். "5 பெருசு, அப்போ அதுதான் பெஸ்ட்" என்று வாங்கிடாதீங்க.

ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் என்ன செய்வார்? பஸ்ஸோட வேகத்துக்குக் கொஞ்சம் ஓடி, ரெண்டு வேகமும் ஒண்ணானதும் தொத்திக்குவார். கியர்பாக்ஸில் அந்த வேலையைச் செய்வது சின்க்ரோ ரிங். பல கார்களில் இது பித்தளை. இந்த ரிங் கியரின் கூம்பு மேல் உரசி, ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும். அதுக்குப் பிறகுதான் பற்கள் சேரும். ஆக, இங்கே உராய்வு தேவை. ஆயில் ரொம்ப வழுக்கினால், கால்ல விளக்கெண்ணெய் தடவிக்கிட்டு பஸ் பின்னாடி ஓடின கதைதான்.

ஜிஎல்-5 ஆயில் ஹைப்பாய்டு கியர்களுக்காக உருவானது. பொலிரோ மாதிரி பின்சக்கர டிரைவ் வண்டிகளின் பின் ஆக்சிலில் இருப்பது அந்த வகை. அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று பயங்கர அழுத்தத்தில் சறுக்கும். அதைத் தாங்க கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த பொருட்களை ஜிஎல்-4-ஐவிட அதிகமாகச் சேர்ப்பார்கள். சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கலாம். நம்ம முன்சக்கர டிரைவ் சின்னக் கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் ஒரே ஆயிலில் இருக்கும். இன்ஜின் குறுக்குவாட்டில் இருப்பதால், கடைசிக் கியரும் சாதாரண ஹெலிகல் கியர்தான், ஹைப்பாய்டு இல்லை. அதனால் பெரும்பாலும் ஜிஎல்-4 போதும். உங்க மேனுவல் ஜிஎல்-5 தான் என்று சொன்னால் அதையே போடுங்க. வடிவமைத்தவருக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பம், 75டபிள்யூ-90 என்ற எண். "இன்ஜின் ஆயில் 40, இது 90, அப்போ ரெண்டு மடங்கு கெட்டி" என்று நானும் நினைச்சேன். இல்லை! கியர் ஆயிலுக்கு எஸ்ஏஇ வைத்திருக்கும் அளவுகோலே வேற. 100 டிகிரி செல்சியஸில் கியர் ஆயில் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. இன்ஜின் ஆயில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை. கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

வேலையில் இறங்கலாம்

1. காரைப் பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. ஆயில் இளகி, அடியில் படிந்த தூளையும் இழுத்துக்கிட்டு இறங்கும். சைலன்சர் பைப் சூடா இருக்கும், கை ஜாக்கிரதை.

2. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமலே நொறுங்கும். ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். கார் நாலு பக்கமும் சமமட்டமா நிக்கணும். சாய்ந்திருந்தால் ஆயில் அளவு தப்பாகிடும்.

3. போல்ட்டை அடையாளம் காணுங்க. கியர்பாக்ஸ் டிரெயின் என்று நினைச்சு இன்ஜின் ஆயிலை இறக்கிவிட்டவர்கள் உண்டு. மேனுவல் படத்தை ரெண்டு தடவை பாருங்க.

4. ஃபில் போல்ட்டை முதல்ல தளர்த்துங்க. பக்கவாட்டில், டிரெயின் போல்ட்டுக்கு மேலே இருக்கும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் வேண்டாம். சரியா உட்காரும் ஆறு பட்டை சாக்கெட் போடுங்க. வரலைன்னா துரு இளக்கும் ஸ்பிரே அடிச்சு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அப்பவும் வரலையா? வேலையை நிறுத்திடுங்க. பழைய ஆயில் உள்ளேயே இருக்கு, கார் இன்னும் ஓடும். மெக்கானிக் கடை வரைக்கும் ஓட்டிட்டே போகலாம்.

5. இப்போ டிரெயின் போல்ட். அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை வரும். பயப்படாதீங்க, அது கந்தகம். இறங்கின ஆயிலை அளந்து வைங்க. மேனுவலில் சொன்னதைவிட ரொம்பக் குறைவா இருந்தா எங்கேயோ ஒழுகுது. முதல்ல டிரைவ் ஷாஃப்ட் சீலைப் பாருங்க.

6. பல கார்களில் டிரெயின் போல்ட்டில் காந்தம் இருக்கும். விபூதியைக் குழைச்ச மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். ஊசி ஊசியா, சில்லு சில்லா வந்தால் மெக்கானிக்கிடம் காட்டணும். ஆயிலில் தங்கத் தூள் மாதிரி மின்னினால் அது சின்க்ரோவின் பித்தளை.

7. புது வாஷர் போட்டு டிரெயின் போல்ட்டை மூடுங்க. கூடு அலுமினியம், போல்ட் இரும்பு. மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான். மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு மட்டும் முறுக்குங்க.

8. நீளமான டியூபும் புனலும் வெச்சு, பானெட் பக்கமிருந்து ஃபில் துளைக்குள் ஊத்துங்க. பெரும்பாலான கார்களில் துளையின் விளிம்பு வரை வந்து ஆயில் வழிய ஆரம்பிச்சா அளவு சரி என்று அர்த்தம். இதுக்காகத்தான் கார் சமமட்டமா நிக்கணும். அதிகமானால் நுரைக்கும், சீல் வழியா கசியும். குறைந்தால் பேரிங் காயும்.

9. ஃபில் போல்ட்டை மூடி, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, கசிவு இருக்கா என்று பாருங்க.

பழைய ஆயிலை என்ன பண்றது?

சாக்கடையில் ஊத்தாதீங்க. கரையானுக்கு மரத்தில் அடிக்கவும் வேண்டாம். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி இதுவும் அபாயக் கழிவுதான். புது ஆயில் கேனிலேயே நிரப்பி, மறுசுழற்சிக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துடுங்க.

அப்புறம் என்னாச்சு?

சாயங்காலம் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் வந்தார். மழுங்கின போல்ட் மேல் ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, நீளமான பைப் மாட்டி ஒரே இழுப்பு. போல்ட் வந்துடுச்சு. ஆனா அந்த சைஸில் புது போல்ட் வாங்கணும், ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. பாட்டி மறுநாள் ஆட்டோவில்தான் போனாங்க. கூடவே நானும், வாயைத் திறக்காம.

இப்போ செகண்ட் கியர் வெண்ணெய் மாதிரி விழுது. ஆனா அப்பா ஒவ்வொரு தடவையும் அந்தக் கியர் போடும்போது என்னைப் பார்த்து லேசா சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு உங்களுக்கு வேண்டாம்னா, முதல்ல மேல் போல்ட்!