ஓட்டம், மிதிவண்டி, மீண்டும் ஓட்டம்

ஓட்டப் பந்தயம் நமக்குப் பழகியது. மிதிவண்டிப் பந்தயமும் புதிதன்று. இவ்விரண்டையும் ஒரே காலையில், இடையில் ஓய்வின்றி நடத்தும் போட்டி ஒன்று உண்டு. முதலில் ஓட வேண்டும்; பின்னர் மிதிவண்டி ஏற வேண்டும்; இறங்கி மறுபடியும் ஓட வேண்டும். இதற்கு டுவாத்லான் என்று பெயர். 1980களில் அமெரிக்காவில் இதனைப் பயத்லான் என்றே அழைத்தனர். ஆனால், பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த வேறொரு விளையாட்டு அப்பெயருடன் 1960 முதலே ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருந்தது. எனவே இளையது மூத்ததற்கு வழிவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது.

10 கிலோ மீட்டர் ஓட்டம், 40 கிலோ மீட்டர் மிதிவண்டி, 5 கிலோ மீட்டர் ஓட்டம் என்பது இதன் பொது அளவு. உள்ளூர்ப் போட்டிகளில் பெரும்பாலும் இதில் பாதி வைப்பர். சுவிட்சர்லாந்தில் சோஃபிங்கன் என்னும் சிற்றூரில் 1989இல் தொடங்கிய போட்டியிலோ, பல ஆண்டுகள் 10, 150, 30 கிலோ மீட்டர் என்று வைத்திருந்தனர். அதனைக் கேட்டு மாணவ நண்பர்கள் அஞ்ச வேண்டா!

இப்போட்டியின் வன்மை தூரத்தில் இல்லை. இரண்டாம் ஓட்டத்தில் இருக்கிறது. மிதிவண்டியில் உடலின் பாரத்தை இருக்கை தாங்குகிறது. தொடைத் தசைகள் சுருங்கி மிதியை அழுத்துவதோடு சரி. ஓடும்போதோ, ஒவ்வோர் அடியிலும் நிலத்தை நோக்கி விழும் உடலை அத்தசைகள் நீண்டுகொண்டே தாங்கி நிறுத்த வேண்டும். ஒரு வேலைக்குப் பழகிய கால்களைத் திடீரென மற்றொரு வேலைக்கு ஏவினால் அவை இணங்குவதில்லை. வண்டியை விட்டு இறங்கிய சில நிமிடங்கள், கால்கள் நம்முடையவைதாமா என்ற ஐயமே எழும்.

நான் முதன்முறை கலந்துகொண்டபோது இதனை அறியேன். கூட்டத்தின் உற்சாகத்தில், முதல் 5 கிலோ மீட்டரையும் என் வழக்கமான வேகத்தினும் கிலோ மீட்டருக்குப் பத்து வினாடி விரைவாக ஓடினேன். ஆதாயம் ஐம்பது வினாடி. இறுதி இரண்டரைக் கிலோ மீட்டரில் தசை பிடித்துக்கொள்ள, நடக்கலானேன். கிலோ மீட்டருக்கு ஆறு நிமிடமாக ஓட வேண்டியவன் பத்து நிமிடமாக நடந்தேன். நட்டம் பத்து நிமிடம். முதல் ஓட்டத்தில் எனக்கு வெகுதூரம் பின்னால் வந்த முதியவர் ஒருவர், சீரான அடி வைத்து, "தம்பி, நிற்காமல் வாருங்கள்" என்று சொல்லியவாறே என்னைக் கடந்து சென்றார். அவர் பெயரைக் கேட்க எனக்கு மூச்சில்லை.

மிதிவண்டியிலும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. காற்றில்லாத சமதரையிலும் நம் வேகமே எதிர்காற்றை உண்டாக்குகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லும் ஆற்றலோ எட்டு மடங்கு வேண்டும். ஆதலால், சற்றே கூடுதலான வேகத்திற்கும் கொடுக்கும் விலை பெரிது. முன்செல்பவரின் முதுகை ஒட்டிச் சென்றால் காற்று மறைந்து உழைப்புக் குறையும். அதனாலேயே தொழில்முறையல்லாதாரின் போட்டிகள் பலவற்றில் அதற்குத் தடை விதித்திருக்கின்றனர். குறித்த இடைவெளி விட்டே செல்ல வேண்டும்.

பயிற்சிக்கு வழி எளிது. வாரம் ஒருமுறை மிதிவண்டிப் பயிற்சி முடிந்ததும், அமராமல், பத்து நிமிடம் ஓடிப் பழகுக. போட்டி நாளில் மிதிவண்டிப் பகுதியின் கடைசிக் கிலோ மீட்டரில் பல்சக்கரத்தை இலேசாக்கிக் கால்களை விரைந்து சுழற்றுக. அச்சுழற்சியின் தாளம் ஓட்டத்திலும் சிறிது நேரம் கூட வரும்.

மாற்றுமிடத்தில் ஒரு விதியை மறத்தலாகாது. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பின்னரே தாங்கியிலிருந்து வண்டியை எடுக்க வேண்டும். திரும்பி வந்து வண்டியை நிறுத்திய பின்னரே வாரை அவிழ்க்க வேண்டும். இவ்விதியை மிகக் கருத்தாய்க் காத்து, கவசத்தைக் கழற்றவே மறந்து, அதனோடு இரண்டாம் ஓட்டத்தையும் ஓடி முடித்தவர்களும் உண்டு.