ஒரு செக்‌ஷனில் மட்டும் மாற்றிப் பாருங்கள்

மணிமங்கலத்தைச் சுற்றியுள்ள கல்லூரி ஒன்றில் நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘புரிந்ததா?’ என்றால் வகுப்பே தலையாட்டுகிறது. இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. எங்கே கோட்டை விட்டோம் என்று சான்றோடு தேடுவதற்குப் பெயர்தான் கற்பித்தல் ஆராய்ச்சி.

‘நான் மெக்கானிக்கல் ஆள், இது கல்வியியல் படித்தவர் வேலையல்லவா?’ மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஹார்வர்டின் எரிக் மசூரும் இயற்பியல் பேராசிரியர்தான். கணக்கைப் போட்டுவிடும் மாணவர்கள் அடிப்படைக் கேள்விக்குத் திணறுவதைக் கண்டு, 1991 முதல் பக்கத்தில் இருப்பவரோடு பேசி விடை காண வைத்தார்.

எங்கிருந்து தொடங்குவது? சின்னக் கேள்வியிலிருந்து. ‘செயல்வழிக் கற்றல் நல்லதா?’ என்று கேட்டால் ஆயுசுக்கும் பதில் கிடைக்காது. ‘கடைசி ஐந்து நிமிடம் நோட்டை மூடிவிட்டு, பெண்டிங் மொமென்ட் (உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறன்) வரைபடத்தை நினைவிலிருந்து போடச் சொன்னால், இரண்டு வாரம் கழித்தும் போடுவார்களா?’ இதற்குப் பதில் காணலாம்.

முன்பு இவ்வளவு மார்க், இப்போது இவ்வளவு என்றால் போதாதா? ஒரகடம் தொழிற்சாலைகளில் கைசன் (சின்னச் சின்ன மேம்பாடு) தாளில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் ஒட்டுவார்கள். இன்டர்ன்ஷிப் போன உங்கள் மாணவர்களே பார்த்திருப்பார்கள். மெஷின் தானாகத் திருந்தாது, அதனால் அங்கே அது செல்லும். மாணவரோ செமஸ்டர் நெருங்கினால் தானே படிப்பார், டியூஷன் போவார். ஆகவே ‘ஏ’ செக்‌ஷனில் புது முறை, ‘பி’யில் பழைய முறை, இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாள். தொடங்கும் முன்பும் ஒரு சின்ன டெஸ்ட் வையுங்கள். ‘ஏ’யில் முதலிலிருந்தே கெட்டிக்காரர்கள் அதிகம் இருந்தால் தெரிந்துவிடும்.

எப்போது அளப்பது? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் போனதும் தலைகீழ்: 42, 56. அன்றைக்கே அளந்திருந்தால் தவறான முறைக்கு மாலை போட்டிருப்பார்கள்.

மாணவரிடமே கேட்டால் என்ன? கேளுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். 2019இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வில், தாங்களே முட்டிமோதிக் கற்றவர்கள், விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றும், குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். நன்றாகப் பேசும் வாத்தியாருக்கு எப்போதும் மார்க் கூடுதல்தான்!

மாணவருக்குப் பாதிப்பு வராதா? வரக்கூடாது. ஆய்வு என்று முன்பே சொல்லுங்கள். அந்த டெஸ்ட் மார்க்கை இன்டர்னலில் சேர்க்காதீர்கள், மறுத்தவரை முறைக்காதீர்கள். கல்லூரியில் நெறிமுறைக் குழு (ஆய்வால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்ப்பவர்கள்) இருந்தால் அனுமதி வாங்குங்கள். புது முறை பலித்தால், செமஸ்டர் முடிவதற்குள் ‘பி’ செக்‌ஷனுக்கும் அதைக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் பீஸ் கட்டியவர்கள்தானே?

பலிக்காவிட்டால்? அதையும் சொல்லுங்கள். அடுத்த கல்லூரிக்காரர் அதே பள்ளத்தில் விழாமல் தப்புவார். இதற்காகவே, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முதல் நாளே எழுதித் தேதி போட்டு வையுங்கள். பிறகு மாற்றிப் பேச மனசு வராது.

எங்கே பகிர்வது? முதலில் ஸ்டாஃப் ரூமில், டீ நேரத்தில். பிறகு துறைக் கூட்டம், அப்புறம் கருத்தரங்கு. தரமணியில் 1964இல் தொடங்கிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிற்சிக்குப் போனால் இதே கவலையுள்ள நாலு பேர் கிடைப்பார்கள். இதழுக்கு அனுப்பினால் எச்சரிக்கை: பல்கலைக்கழக மானியக் குழு தன் ‘கேர்’ இதழ்ப் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது. நல்ல இதழா என்று நீங்களேதான் பார்க்கவேண்டும். மூன்று நாளில் அச்சில் என்று பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் வருபவர்களை பிளாக் செய்யுங்கள்.

கட்டுரையில் என்ன இருக்கவேண்டும்? கேள்வித்தாள், திருத்திய முறை, எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கணக்கு. டெஸ்ட் அன்று மழையில் முடிச்சூர் ரோடு மூழ்கி ‘பி’ செக்‌ஷனில் பத்துப் பேர் வரவில்லையா? அதையும் எழுதுங்கள்.