விருந்தினருக்குக் கடல், வீட்டுக்காரருக்குத் தடை!

படகு என்றதும் கட்டுமரமோ தோணியோ நினைவுக்கு வருவது நம் வழக்கம். நாம் இங்கே குறிப்பிடும் படகு அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. மெத்தை விரித்த அறைகள், மேல்தட்டில் வெந்நீர்த் தொட்டி, கேட்டதைச் சமைத்துத் தரத் தனிச் சமையற்காரர், வழியறிந்த மாலுமிகள், இத்தனையும் கொண்ட உல்லாசப் படகு அது! ஒரு குடும்பம், ஒரு வாரம், பல்லாயிரம் டாலர் வாடகை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துத் தென்கிழக்குக் கரையோரம், தீவுகளுக்கிடையே புகுந்து செல்லும் இத்தகைய படகுகளைக் கோடைதோறும் காணலாம்.

அவர்கள் நாடிச் செல்லும் இடங்களில் ஒன்று 'கிளேசியர் பே' எனும் பனியாற்று விரிகுடா. பார்க்கத் தகுந்த இடந்தான், யார் மறுத்தார்? 1794-இல் வான்கூவரின் குழுவினர் வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லுமளவுக்கு எதுவுமில்லை, பனிச்சுவர்தான் நின்றது. 1879-இல் ஜான் மியூர் சென்றபோது அந்தப் பனி நாற்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. அது விட்டுச் சென்ற நீரில் இன்று கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் இரை தேடுகின்றன. கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கின்றன. பாறைகளில் கடற்சிங்கங்கள் படுத்து உறுமுகின்றன.

காவலும் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை நாளொன்றுக்குச் சொந்தப் படகுகள் 25, வாடகைப் படகுகள் 6, பெருங்கப்பல்கள் 2 என்று எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். திமிங்கிலத்தை விட்டுக் கால் கடல்மைல் விலகிச் செல்ல வேண்டும். இவற்றை நாம் குறை கூறவில்லை. 2001-இல் விரிகுடாவின் வாயிலருகே, கருவுற்றிருந்த திமிங்கிலமொன்று பெருங்கப்பல் மோதி இறந்தது. 2007-இல் கப்பல் நிறுவனம் 7,50,000 டாலர் கட்ட நேர்ந்தது. இப்படி நடந்த பின்னும் விதி வேண்டாம் என்பவர் யார்?

ஆனால், அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தோமா?

ட்லிங்கிட் இனத்தைச் சேர்ந்த ஹூனா மக்கள் அங்கே வாழ்ந்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களைத் துரத்தியது. நீரிணையின் எதிர்க்கரையில் ஹூனா என்ற ஊரில் குடியேறினர். பனி விலகியதும் மீண்டும் தோணியேறிச் சென்று சீல் வேட்டையாடினர், பழம் பறித்தனர், முட்டை எடுத்தனர். பனி துரத்தியது, பனியே வழியும் விட்டது. மனிதரின் சட்டம் வேறு வகை. 1867-இல் ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை விற்றது, அமெரிக்கா வாங்கியது. விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை, அங்கே குடியிருந்தவர்களின் சம்மதத்தை! 1925-இல் விரிகுடா தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அப்போதும் அதே கதைதான். 1980-இல் தேசியப் பூங்காவாயிற்று.

முட்டை விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விரிகுடாவின் நடுவே மார்பிள் தீவுகள் என்ற பாறைத் தீவுகள் உண்டு. வசந்த காலத்தில் கடற்காகங்கள் அங்கே கூடு கட்டும். குடும்பம் குடும்பமாகச் சென்று முட்டை எடுப்பது ஹூனா மக்களுக்குத் திருவிழா. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கூட்டில் ஒன்றோ இரண்டோ முட்டை இருந்தால் எடுப்பார்கள். மூன்று இருந்தால் தொட மாட்டார்கள். மூன்று இட்டுவிட்டால் பறவை அடைகாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். குறைவாக இருப்பதை எடுத்தால் அது மறுபடியும் இட்டு ஈடு செய்துகொள்ளும். எந்தக் கல்லூரியில் படித்தார்கள் இதை? பாட்டியிடம் படித்தார்கள்!

இந்த வழக்கத்தை, 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தையும் பூங்கா விதிகளையும் காட்டி, 1960-களில் அதிகாரிகள் தடுத்துவிட்டனர். பேத்திக்குக் கற்றுத் தரப் பாட்டி இருந்தாள். கூட்டிப்போகத் தீவுதான் இல்லை. அதே தீவைத் தள்ளி நின்று தொலைநோக்கியில் பார்க்கப் படகுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முட்டையைத் தொடவில்லை, உண்மை. ஆயினும் அந்த நீருக்கு எண்ணெயையும் இரைச்சலையும் கொண்டு வந்தவர் முட்டைக் கூடையோடு வந்த பாட்டியா?

பூங்காத் துறை பின்னர் நடத்திய ஆய்வே, பழைய முறைப்படி எடுத்தால் பறவைக் கூட்டத்துக்குப் பெருங்கேடு இல்லை என்றது. 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. எவ்வளவு தாராளம் தெரியுமா? குறிப்பிட்ட ஐந்து இடங்களுக்கு மேற்படாமல், ஆண்டுக்கு இரண்டே முறை!

விதி வேண்டும் என்பதே நம் கட்சியும். விதி முதலில் யாருடைய கையைப் பிடிக்கிறது என்பதுதான் நமது கேள்வி. பணம் உடையவரின் பொழுதுபோக்குக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மண்ணின் மக்களுக்குப் பங்கு அளப்பது காவல் ஆகுமா? உரிமைக்காரரின் தேவையை முதலில் எழுதி, பிறகல்லவா விருந்தினரின் எண்ணிக்கையை எழுத வேண்டும்?

சிறிது மாற்றம் தெரிகிறது, அதையும் சொல்லிவிடுவோம். 2016 ஆகஸ்டில், பார்ட்லெட் கோவ் என்ற கரையில் ஹூனா மக்களின் குலமனை திறக்கப்பட்டது. அன்று அவர்கள் தாங்களே செதுக்கிய தோணிகளில் துடுப்புப் போட்டு வந்து இறங்கினார்கள். தங்களுக்கும் பூங்காத் துறைக்கும் இடையே நடந்த கதையைச் செதுக்கிய மரத்தூண் ஒன்றையும் 2018-இல் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். உல்லாசப் படகில் வருவோர் முதலில் வந்து விதிகளைக் கேட்டறிய வேண்டிய இடமும் அதே பார்ட்லெட் கோவ்தான்.