சுழல் வீழ்ச்சியும் மீட்சியும்: விமானம் பயில்வோர்க்கு ஓர் இன்றியமையாப் பாடம்

புனே நகரை அடுத்த ஹடப்சரில், மத்திய அரசின் சிவில் விமானத் துறை 1950-ஆம் ஆண்டில் கிளைடர் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவியது. கிளைடர் என்பது இயந்திரமில்லா விமானம். அத்துறையைச் சேர்ந்த எஸ். ராமாமிருதம் வடிவமைத்த ‘ரோகிணி’ என்னும் கிளைடர் 1961-இல் முதன்முதலாகப் பறந்தது. போதகரும் மாணாக்கரும் அதில் அருகருகே அமர்வர். ஆதலின் மாணாக்கரின் கையசைவைப் போதகர் நேரில் காண இயலும். கரணமடிக்கும் வித்தைகளைக் கற்பிக்குமுன் இவ்வாறு உடனிருந்து கற்பிக்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அதுவே சுழல் வீழ்ச்சியினின்று மீளுதல்.

இறக்கை, எதிர்வரும் காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பினின்று பிரிந்துவிடுகிறது, தூக்குவிசை குன்றுகிறது. அவ்வேளையில் சுக்கானைத் தவறாக மிதித்தால், ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாகத் தூக்குவிசை இழந்து தாழும். விமானம் சுழன்றவாறே வீழத் தொடங்கும். தரை தன்னை நோக்கி வருவதைக் காணும் புதியவர், கட்டுப்பாட்டுத் தடியைத் தம்மை நோக்கி இழுப்பது இயல்பு. ஆனால் அச்செயல் கோணத்தை மேலும் மிகுவித்து வீழ்ச்சியை நீட்டிக்கும். உள்ளுணர்வு இங்கே பகையாகிறது, பயிற்சியே துணை.

1912-இல் இங்கிலாந்தில் வில்பிரட் பார்க் என்பவரின் விமானம் இவ்வாறு சுழன்று வீழ்ந்தது. முதலில் தடியை இழுத்துப் பார்த்துப் பயன் காணாத அவர், இறுதியில் சுழற்சிக்கு எதிர்ப்புறம் சுக்கானை மிதித்துத் தரையருகே உயிர் தப்பினார். 1917-இல் ஸ்மித்-பாரி என்பவர் காஸ்போர்ட் பள்ளியில் புதிய போதனா முறையை வகுத்தார். அபாய நிலைகளை மாணாக்கரிடமிருந்து மறைத்தலாகாது. போதகரின் துணையுடன் அவற்றுள் புகுத்தி மீளக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

பயிற்சிக்கு முன் நான்கு சோதனைகள் தேவை: போதிய உயரம் உண்டா? பட்டைகள் இறுக்கமாக உள்ளனவா? அறையில் கட்டப்படாத பொருள் ஏதேனும் உளதா? கீழே குடியிருப்போ, சூழ வேறு விமானமோ இல்லையா? பொதுவான மீட்சி முறை வருமாறு: எதிர்ப்புறச் சுக்கானை முழுமையாக மிதித்தல், தடியைப் படிப்படியாக முன் தள்ளுதல், சுழற்சி நின்றதும் சுக்கானை நடுநிலைக்குக் கொணர்தல், பாய்ச்சலினின்று மெல்ல நிமிர்தல். எனினும் அவ்வவ் விமானத்தின் கையேடே இறுதிப் பிரமாணம்.

‘மெல்ல’ என்பதற்குக் காரணமுண்டு. நீர் நிறைந்த செம்பைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால் கை அதிக பாரத்தை உணரும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். அவ்வாறே நிமிரும்போதும் கரணமடிக்கும்போதும் இறக்கைகளின் பாரம் கூடுகிறது. பாரம் 4 மடங்கானால், தூக்குவிசை குன்றும் வேகம் 2 மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் தூக்குவிசை இழக்கும் கிளைடர், அப்போது 120 கிலோமீட்டரிலேயே இழந்துவிடும். வேகம் மிகுந்திருக்கையில் திடீரென இழுத்தாலோ, இறக்கைகளே முறியக்கூடும்.

இப்பாடத்தின் பெரும்பயன் கரணங்களுக்கு அப்பாற்பட்டது. இறங்குமுன் தாழ்வாகத் திரும்புகையில் சுழல் வீழ்ச்சி நேரின், மீள உயரமே இராது. ஆங்கு காப்பது மீட்சித் திறனன்று. தடியின் தளர்ச்சியையும் உடலதிர்வையும் முன்னறிந்து, வீழ்ச்சி தோன்றாமலே தடுக்கும் பழக்கமாகும். உயரத்தில் பன்முறை அக்குறிகளை உணர்ந்தவரே தாழ்வில் அவற்றைத் தவறாது அறிவர்.