சி.என்.சி. மரவேலைக்கு மென்பொருள் தெரிவு

ஓய்வுநேரத் தொழிலாக மரவேலையை மேற்கொண்டோர் சிலர் இக்காலத்தே சி.என்.சி. என்னும் கணினிவழி இயங்கும் செதுக்குபொறியைத் தம் இல்லங்களிலேயே அமைத்துக்கொள்கின்றனர். பொறியின் விலையையும் வலுவையும் நுணுகி ஆராயும் இவர்கள், அதனை ஏவும் மென்பொருளை அங்ஙனம் ஆராய்வதில்லை. மரத்தை வெட்டுவது சுழலும் பிட். அது செல்லும் வழியை வகுப்பது மென்பொருள்.

மென்பொருள் ஆற்றும் பணி இரண்டு. உருவை வரைதல் ஒன்று. அவ்வுருவுக்கேற்பப் பிட்டின் பாதையைக் கணித்து, பொறிக்கு விளங்கும் ஜி-கோட் கட்டளைகளாக எழுதுதல் மற்றது. ஆதலால் எது சிறந்தது என வினவுதலினும், யாம் செய்யப் போவது யாது என வினவுதலே முறை.

பெயர்ப்பலகையில் எழுத்துச் செதுக்க விரும்புவோர்க்கு வெக்ட்ரிக் நிறுவனத்தாரின் வீகார்வ் ஏற்றது. கூம்பிய பிட், எழுத்தின் அகன்ற இடத்தில் ஆழ இறங்கி, ஒடுங்கிய மூலையில் மேலெழுந்து, உளியாற் செதுக்கியது போன்ற கூரிய முனையைத் தரும். இருபணியும் அதனுள்ளேயே முடியும்.

மேசை, அலுமாரி செய்வோர் நிலை வேறு. 18 மில்லிமீற்றர் எனக் கடையில் விற்கப்படும் ஒட்டுப்பலகை, அளந்து பார்க்கின் பெரும்பாலும் சற்றுக் குறைந்தே இருக்கும். 18 எனக் கொண்டு வெட்டிய காடிகள் யாவும் தளர்ந்துவிடும். பலகையின் தடிப்பைப் பெயரிட்ட ஓர் அளவாக வைத்து வரைய இடந்தருவன ஓட்டோடெஸ்கின் பியூஷனும் பிறீகாட்டும். அவ்வோர் எண்ணை மாற்றினால் எல்லாக் காடிகளும் உடன் மாறும். (ஆயினும் 6 மில்லிமீற்றர் பிட் உள்மூலையில் 3 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவை விட்டே செல்லும். மூலையிற் சிறு வட்டக்குழி வரைந்தாலன்றிச் சதுர விளிம்புடைய பலகை உட்புகாது. எம்மென்பொருளும் இதற்கு விலக்கன்று.)

பியூஷன் பலவாற்றானும் நிறைவுடையது. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் 2020 இல் அவ்விலவச உரிமம் சுருக்கப்பட்டது. ஒரே காலத்தில் திருத்தத்தக்க ஆவணங்கள் 10 என வரையறுக்கப்பட்டன. மரத்தை வெட்டாது நகரும் வேளையில் பிட் விரைந்து செல்லும் வசதியும் நீங்கிற்று. ஸ்டெப் வடிவிற் கோப்பை வெளியெடுக்கும் வசதியையும் நிறுத்துவதாக அறிவித்து, பயனாளரின் எதிர்ப்புக்குப் பின்னரே அதனைக் கைவிட்டனர். பிறர் இசைவில் நிற்கும் கருவியிற் பல்லாண்டு உழைப்பை வைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிறீகாட் 2002 இல் தோன்றி, 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எய்திய திறந்தமூல மென்பொருள். கற்பது எளிதன்று, எனினும் காலமும் பொறுமையும் உடைய மாணவர்க்கு இதனையே யாம் கூறுவோம். எதனைக் கொண்டாலும் வரைபடத்தின் படியொன்றை ஸ்டெப் வடிவிற் சேமித்தல் நன்று. அதில் உருவம் தங்கும். அளவுகளுக்கிடையே நாம் அமைத்த தொடர்பு தங்காது. ஆகவே முக்கிய அளவுகளைத் தாளிலும் குறித்துவைக்க.