அளவு சாப்பாடு

தொப்பம்பட்டியிலிருந்து பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ போகும் நேயர்களே, ஓட்டலில் உட்கார்ந்ததும் முழு பிரியாணி சொல்லிவிடுகிறோம். அதில் போடும் சீரகச் சம்பா சின்ன அரிசி; மசாலா ஊறிய மணத்தில், பசி அடங்கிய பிறகும் கை நிற்பதில்லை. வயிறு நிறைந்ததை மூளை உணரச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதற்குள் இலை காலி!

தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஓட்டல் சாப்பாட்டிலோ கூட்டும் பொரியலும் ஓரத்தில் ஒரு கரண்டி, மற்றதெல்லாம் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் சோறு. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது.

பலகையில் ‘அளவு சாப்பாடு’ என்றிருந்தால் அதையே கேளுங்கள். பிரியாணியா? ஒன்று வாங்கி இருவர் சாப்பிடுங்கள். சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.