எத்தனை குறிஞ்சி பார்த்தீங்க, தாத்தா?

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

கல்யாண வீடானாலும் சரி, காதுகுத்தானாலும் சரி... நம் பேச்சில் முக்கால்வாசி இவ்வளவில் முடிந்துவிடும். மூன்று மணி நேரம் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்போம். பையன் என்ன மார்க், பெண்ணுக்கு வரன் அமைந்ததா, தங்கம் சவரன் என்ன விலை என்று பேசிவிட்டு, இலையை மடக்கியதும் பஸ் ஏறிவிடுவோம். எதிரே உட்கார்ந்திருந்தவர் மனசில் என்ன ஓடியது என்பது மட்டும் தெரியாது.

எங்கள் குடும்பமும் அப்படித்தான் இருந்தது. 2022 டிசம்பரில் கொடைக்கானல் போகும் வரை!

பதினாறு பேர், இரண்டு வேன். பெருமாள்மலை பக்கம் ஒரு காட்டேஜ். பெரியம்மா காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்ததால், பெரியப்பாவை வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தோம். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று பகல் முழுக்கச் சுற்றினோம். "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆளுக்கு ஒரு தடவையாவது அவரிடம் கேட்டிருப்போம். "எனக்கென்னப்பா, ஜம்முன்னு இருக்கேன்" என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

ராத்திரி வாசலில் விறகு மூட்டிக் குளிர் காய்ந்தோம். அப்போது என் தம்பி மகள், அன்று கேள்விப்பட்ட சமாசாரம் ஒன்றைச் சொன்னாள். குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் அல்லவா? பழனிமலையில் வாழும் பளியர் பழங்குடி மக்கள், குறிஞ்சி பூத்த கணக்கை வைத்தே வயசு சொல்வார்களாம்.

"நீங்க எத்தனை குறிஞ்சி பார்த்தீங்க, தாத்தா?"

பெரியப்பா சிரித்தார். "வயசுக் கணக்குக்கு ஆறு. கண்ணால பார்த்தது ஒண்ணே ஒண்ணு. 2006ல, உங்க பாட்டியோட."

"அன்னிக்கு என்ன நடந்தது, சொல்லுங்க!"

சொன்னார். பஸ்ஸில் வந்தது, மழையில் நனைந்தது, குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றபோது மேகம் விலகிப் பழனி தெரிந்தது, பெரியம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தது... சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அன்னிக்கும் அவதான் தண்ணியைக் கையில கொடுத்து, 'மாத்திரை போட்டீங்களா?'ன்னு கேட்டா. இப்பக் கேக்க ஆளில்லே. நானும் போடறதில்லே."

நாலு மாதமாக பி.பி. மாத்திரையைத் தொடவில்லையாம்! மறுநாள் காலை டாக்டரிடம் காட்டியபோது 180/110. நல்லவேளை, விபரீதம் எதுவும் நடப்பதற்கு முன் தெரிந்தது.

பகலில் பதினைந்து பேர் கேட்டும் வராத பதில், ராத்திரி ஒரு சின்னப் பெண் கேட்டதும் எப்படி வந்தது?

கேள்வியிலேயே பதில்

"நல்லா இருக்கீங்களா?" என்ற கேள்விக்குள்ளேயே "நல்லா இருக்கேன்" என்ற பதிலும் இருக்கிறது. வேறு பதில் சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால், கதை சொல்லச் சொல்லிக் கேட்டால் அந்தத் தடை இல்லை. பழைய கதையில் ஆரம்பிப்பவர், தானாகவே இன்றைய கவலைக்கு வந்து சேருவார்.

அதோடு, அந்தப் பெண் ஒரு கேள்வியோடு நிற்கவில்லை, "அன்னிக்கு என்ன நடந்தது?" என்று தொடர்ந்தாள். பதிலைக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவர்களைத்தான் மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2017ல் கண்டறிந்தார்கள்.

நெருப்பும் நடையும்

இடமும் முக்கியம். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதிப் பழங்குடியினரின் பேச்சை ஆராய்ந்த பாலி வீஸ்னர் என்ற மானிடவியல் அறிஞர், 2014ல் ஒரு சுவையான விஷயத்தை வெளியிட்டார். பகல் பேச்சில் பெரும்பகுதி வேலை, பொருள், புகார், வம்பு. ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தாலோ, நூற்றுக்கு 81 பங்கு கதைகள்! வேலை முடிந்துவிட்டது, அவசரமில்லை, எல்லார் கண்ணும் நெருப்பின் மேல். முகத்துக்கு நேரே யாரும் பார்க்காதபோது வாய் திறப்பது சுலபம்.

நெருப்புக்கு வழியில்லையா? நடக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வர சுமார் 5 கிலோமீட்டர். ஒரு மனக்குறையைச் சொல்லி முடிக்க அந்தத் தூரம் போதும்!

ஆரோக்கியத்துக்கும் இதற்கும் என்ன?

நிறைய இருக்கிறது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 148 ஆய்வுகளைச் சேர்த்து, ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் 2010ல் ஒரு முடிவு சொன்னார்கள்: நல்ல உறவுகள் உள்ளவர்களுக்கு, ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவிகிதம் அதிகம். உலகில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025ல் அறிவித்தது. கூட்டத்தில் இருந்தும் தனியாக இருப்பவர்களும் இதில் சேர்த்திதான்.

"இப்படியெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்களோ?" என்று தயங்குகிறீர்களா? அந்தப் பயம் பெரும்பாலும் வீண். முன்பின் தெரியாதவர்களை ஆழமாகப் பேச வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021ல் வெளியானது. எதிர்பார்த்ததைவிடச் சங்கடம் குறைவாகவும், நெருக்கம் அதிகமாகவும் இருந்ததாகவே அவர்கள் சொன்னார்கள்.

அடுத்த விசேஷத்தில் கேட்டுப் பாருங்கள்

1. "இந்த ஊருக்கு முதல்ல எப்ப வந்தீங்க? யாரோட?"

2. "முதல் சம்பளத்துல என்ன வாங்கினீங்க?"

3. "கஷ்டத்துல கை கொடுத்த ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்களேன்."

4. "இப்பல்லாம் ராத்திரி எப்படிப் பொழுது போகுது?" (தனியாக இருக்கும் பெரியவர்களிடம் அவசியம் கேளுங்கள்.)

இதையெல்லாம் செய்யாதீர்கள்

"இன்னும் குழந்தை இல்லையா?", "ஏன் கல்யாணம் தள்ளிப் போகுது?" இதெல்லாம் ஆழமான பேச்சு அல்ல, புண்ணைக் கிளறும் பேச்சு. கேள்வி மேல் கேள்வி கேட்டு விசாரணை நடத்தவும் வேண்டாம். உங்கள் கதையையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஒருவர் மனசு திறந்தால் உடனே புத்திமதி ஆரம்பிக்காதீர்கள். அன்று பெரியப்பா சொன்னதும் திட்ட வாயெடுத்தேன். என் மனைவி கையை அழுத்தி அடக்கினாள். திட்டியிருந்தால் மீதியைச் சொல்லியிருக்க மாட்டார். கேட்டதை ஊர் முழுக்கப் பரப்பவும் கூடாது. "வாழவே பிடிக்கலே" என்று யாராவது சொன்னால் மட்டும் பேச்சை மாற்றாதீர்கள். கூடவே இருங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை: மலையில் குளிர் காய்வது வெளியே மட்டும்தான். கரி அடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைத்துத் தூங்கினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும்.

பெரியப்பாவுக்கு இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்கு பேத்தியிடமிருந்து போன் வருகிறது. ஒரு கதை, ஒரு மாத்திரை! கொடைக்கானலில் 2018ல் பூத்த குறிஞ்சி, அடுத்து 2030ல் பூக்க வேண்டும்.

"ஏழாவதையும் கண்ணால பார்த்துடணும்" என்கிறார்.